சுத்தமான தரை

கடலடித் தரையை ஒலியால் அளக்கும் கருவி எங்கள் பழைய அலுவலகத்துக்கு வந்துவிட்டது. படகின் அடியில் அதைப் பொருத்திக்கொண்டு ஓடினால், கீழே கிடக்கும் மேடும் பள்ளமும் கல்லும் திரையில் வண்ண வண்ணமாக விழுகின்றனவாம். நல்ல விஷயம். என் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கும்.

கருவி வந்த கையோடு பணிக் கையேட்டையும் புதுப்பிக்கிறார்கள். போன மாதம் அங்கிருந்து முத்துக்குமார் என்ற இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், கையேட்டுல ஒரு விதி இருக்கு. 'கணக்கெடுப்புத் திட்டத்தை வகுத்தவர், முதல் அளவைப் புள்ளியில் தானே நீரில் இறங்கித் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.' மத்த விதி எல்லாத்துக்கும் காரணம் வெளங்குது. இதுக்கு மட்டும் வெளங்கல. இனிமே கருவிதான் பாக்கப் போகுது. எடுத்திரலாமான்னு யோசிக்கோம்."

அந்த விதியை எழுதியவன் நான். அதற்குப் பின்னால் இருக்கும் கதையைப் பல பிரிவுபசாரக் கூட்டங்களில் வெற்றிக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அது வெற்றிக் கதைதான், சந்தேகமில்லை. ஆனால் சொன்னது பாதி. மீதிப் பாதியில் இரண்டு பொருள்கள் வரும்: ஒரு கட்டி சலவை சோப்பு, ஒரு பெண்ணின் வேலை. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு விதியை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று இளைஞர்கள் முடிவு செய்யட்டும்.

தாவரவியல் படித்துவிட்டு, தேர்வு எழுதி, பாளையங்கோட்டையில் இருந்த இயற்கை வளக் கணக்கெடுப்புப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திசைகாட்டி பிடிக்கவும், மரத்தின் சுற்றளவு எடுக்கவும், காலில் ஒட்டும் அட்டையைப் பிடுங்கி எறியவும் கற்றுக்கொண்டேன். எங்கள் வேலை என்ன என்று உறவினர்கள் கேட்டால், "மலையில இருக்குற செடி கொடிய எண்ணுதான்" என்று என் அண்ணன் சொல்லிச் சிரிப்பான். அது அவ்வளவு தவறும் இல்லை. ஒரு பூங்காவைக் காக்க வேண்டுமானால் அதில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஆனால் எல்லா இடத்தையும் யாராலும் பார்க்க முடியாது. எந்த இடங்களைப் பார்த்தால் பார்க்காத இடங்களைப் பற்றியும் பேசலாம், யாரிடம் என்ன கேட்பது, எதைக் கொண்டு தொட்டுப் பார்ப்பது, இவற்றை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் திட்டமிடல். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயர்தான் பிறகு என் கண்ணை மறைத்தது.

எங்கள் மேலதிகாரியின் பெயர் திரவியம். அலுவலகத்தில் 'சார்', வெளியே எல்லோருக்கும் 'அண்ணாச்சி'. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய தகர டப்பா இருக்கும். அதில் பனங்கற்கண்டு. நம் வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்ப்பார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு கற்கண்டை எடுத்து நம் கையில் வைப்பார். தவறைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். நாம் அதை வாயில் போட்டுக்கொண்டு, பதில் பேச முடியாமல் நிற்கும்போது, வரைபடத்தின் ஓரிடத்தில் சுட்டுவிரலை ஊன்றிக் கேட்பார்:

"இங்கன நின்னீரா வே?"

இந்த ஒரு கேள்விதான். சரியா தப்பா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

பாபநாசத்துக்கு மேலே உள்ள மலைச் சரணாலயத்தில் ஒரு சரிவை 'புல்வெளி' என்று வண்ணம் தீட்டியிருந்தேன். எதிர் மலையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துத் தீட்டியது. அண்ணாச்சி கற்கண்டு கொடுத்தார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவுக்கே நடந்தார். போய்ச் சேர்ந்தால், அது முழுக்க ஈத்தை மூங்கில். ஆள் உயரத்துக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே யானை போன தடத்தில் அவர் முன்னால் நுழைந்தார். தலை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"சங்கரலிங்கம், புல்லு நல்லா வளந்திருக்கு வே."

தாவரவியல்படி மூங்கிலும் புல் இனம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவைக் கடல் பூங்கா வேலைக்கு அனுப்பினார்கள். தாமிரபரணி கடலில் சேரும் முகத்துக்கு வடக்கே கரையோரமாக ஒரு பகுதி. கடலடியில் எங்கே பாறை, எங்கே பவளம், எங்கே மணல், எங்கே சேறு, எங்கே கடற்புல் என்று முதன்முறையாக வரைபடம் தயாரிக்க வேண்டும். திட்டம் வகுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளை. திருச்செந்தூரில் கால் நனைத்ததைத் தவிர கடலோடு எந்தப் பழக்கமும் கிடையாது. எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூடக் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் பயன்படுத்துவார்கள். மீன் வாடை அடித்தால் மூக்கைப் பொத்தும் நான், மீன்கள் வாழும் இடத்துக்கு வரைபடம் போடக் கிளம்பினேன்.

உதவிக்கு மரிய செல்வி என்ற பெண் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தாள். தூத்துக்குடிக்காரி. கடற்பாசியும் கடற்புல்லும் அவளது படிப்பு. கூர்மையான நாக்கு. படகு ஜெபஸ்தியானுடையது. ஐம்பது வயதுக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு கேலி இருக்கும்.

அன்று எங்களிடம் இருந்த கருவிகள் எளியவை. படகு நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் திசைகாட்டியில் பார்த்துக் கோணம் எடுப்போம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நாம். பிறகு ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு துணிக் கிழிசல் கயிற்றில் முடிந்திருக்கும். குண்டு தரையில் தட்டியதும் எத்தனை கிழிசல் நீருக்குள் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆழம் தெரியும். குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் மாட்டுக்கொழுப்பையோ ஆட்டுக்கொழுப்பையோ அப்பி வைத்தால், தரையில் கிடப்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மணலா, சேறா, சிப்பித் தூளா என்று அதைப் பார்த்துக் குறிப்போம்.

கொழுப்பு. அங்கேதான் என் பிரச்சினை தொடங்கியது.

'கொழுப்பு வெயிலில் உருகும். சலவை சோப்பு மலிவானது, கையாளச் சுத்தமானது. எனவே சோப்பே பயன்படுத்தப்படும்' என்று திட்டத்தில் எழுதினேன். உலகத்தில் சில இடங்களில் சோப்பு வைக்கும் வழக்கமும் உண்டு என்று எங்கோ படித்திருந்தேன், அதையும் சேர்த்தேன். உண்மைக் காரணம் அதுவல்ல. என் கை அதைத் தொடாது. அவ்வளவுதான்.

முதல் நாளே மரிய செல்வி சொன்னாள். "சார், சோப்பு நனைஞ்சா வழுக்கும். மணலு பதியும். எலை ஒட்டாது. கொழுப்பு வையுங்க."

"கொழுப்பு வேண்டாம்மா. சுத்தமா வேலை செய்வோம்."

ஜெபஸ்தியான் சுக்கானைப் பிடித்தபடியே சிரித்தார். "விடு தாயி. ஊரெல்லாம் கடல்ல குளிக்கி. நம்ம சாரு கடலுக்கே சோப்பு போடுதாரு."

நானும் சிரித்தேன். சோப்பை மாற்றவில்லை.

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று அடங்கியும் அடங்காத நேரம் அது. தண்ணீர் கலங்கிக் கிடந்தது, அடி தெரியவில்லை. குண்டு மணலைக் காட்டியது, நான் மணல் என்று குறித்தேன். குண்டு பொய் சொல்லக்கூடும் என்பதால் இரண்டாவது சாட்சியும் திட்டத்தில் இருந்தது: கரையில் மீன்பிடிப்பவர்களிடம் கேட்பது. "அந்த இடத்துல அடியில என்ன கிடக்கு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வடபக்கம் இருந்த ஒரு பெரிய கட்டத்தைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அங்கன ஒண்ணும் கிடையாது சார். சுத்தமான தரை." ஜெபஸ்தியானும் அதையேதான் சொன்னார். எனக்குப் பரம திருப்தி. குண்டும் மனிதர்களும் ஒத்துப்போகிறார்கள். இதைவிட என்ன வேண்டும்?

மரிய செல்விக்கு மட்டும் திருப்தியில்லை. ஒருநாள் கயிற்றில் சுற்றிக்கொண்டு வந்த பச்சை இலைத் துண்டு ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்கிருந்தோ மெதந்து வந்தது" என்றேன்.

"ஒரு நாளு முங்கிப் பாத்திருவோம் சார். நானே முங்குதேன்."

"பொம்பளப் பிள்ளைய முங்கச் சொல்லி ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"தண்ணிக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியுமா சார்? நீச்சல் தெரியுமா தெரியாதான்னுதான் அதுக்குத் தெரியும்."

ஜெபஸ்தியானின் முன்னால் அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, 'பணியின் வேகத்துக்கு ஒத்துவரவில்லை' என்று ஒரு வரி எழுதினேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "நிச்சயமாத்தானா வே?" என்றார். "நிச்சயம் சார்" என்றேன். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். மரிய செல்வி தூத்துக்குடியில் ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தில் பாடம் எடுக்கப் போனாள்.

வரைபடம் தயாரானது. வடபக்கக் கட்டத்துக்கு வெளிர் மஞ்சள் தீட்டி 'வெறும் மணல்' என்று எழுதினேன். அண்ணாச்சி கையெழுத்திட்டார். கற்கண்டு தரவில்லை.

சில மாதங்களில் அந்த வரைபடத்துக்கு அவசரமான ஒரு தேவை வந்தது. பக்கத்தில் இருந்த சிறிய மீன்பிடித் துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள். தோண்டி எடுக்கும் சேற்றை எங்காவது கொட்ட வேண்டும். "ஒன்றுமில்லாத இடம் எது?" என்று கேட்டார்கள். எங்கள் வரைபடத்தின் மஞ்சள் கட்டம் அதற்குத் தயாராகப் பதில் சொன்னது. தைப் பொங்கல் கழிந்த அடுத்த வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் கூட்டம். அதில் ஒப்புதல் ஆனதும் சேற்றைக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். நம் வரைபடம் பயன்படுகிறதே என்று நான் பெருமையோடு வீட்டில் சொன்னேன்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரிக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு அங்கே மிஞ்சியிருந்தது ஒரு சிறு வயல். அண்ணன் கிணற்றுக்கு மின்மோட்டார் போட்டுவிட்டதால் பழைய டீசல் எஞ்சின் சும்மா கிடந்தது. ஜெபஸ்தியான் தம் மைத்துனர் படகுக்கு ஆகுமா என்று பார்க்க வந்திருந்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, சுழற்றி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வரப்பில் வந்து நின்றார். எதிரே பிசானப் பருவத்து நெற்பயிர் பச்சைப் பசேலென்று ஒரே மட்டமாக நின்றது. காற்றில் அலை அலையாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"ஆத்தாடி!" என்றார் ஜெபஸ்தியான். "என்ன சுத்தமான தரை சார்! இப்படி ஒரு தரை கடல்ல அமைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு வலை இழுக்கலாம்."

நான் அசிரத்தையாகக் கேட்டேன். "என்னவே சொல்லுதீரு? பயிர் நிக்கி. சுத்தம்ங்கீரு?"

"பயிரு நின்னா என்ன சார்? வலையக் கிழிக்குமா? கல்லு கிடந்தாத்தான் கிழியும். கல்லு இல்லேன்னா சுத்தம்தான்."

எஞ்சின் பின்னால் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன்.

"ஜெபஸ்தியான், நம்ம மஞ்சக் கட்டத்துல, வடக்க, தாழை உண்டா?" கடற்புல்லுக்கு அந்தக் கரையில் தாழை என்று பெயர்.

"இருக்கும் சார். வலையில பச்சையா சுத்திக்கிட்டு வரும். உதறிட்டுப் போயிருவோம். எம்புட்டு இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது, நான் என்ன முங்கியா பாத்தேன்?"

"அன்னைக்குக் கேட்டேனே! ஒண்ணும் கிடையாதுன்னீரே!"

"அடியில என்ன கிடக்குன்னு கேட்டீங்க. ஒண்ணும் கிடக்கல. புல்லு கிடக்குமா சார்? புல்லு நிக்கும்லா?" பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னார்: "தரையப் பாராட்டுனேன்னு எஞ்சின் வெலைய ஏத்திராதீங்க சார்."

அத்தனை மீனவர்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சுத்தம் என்றால் வலைக்கு ஆபத்தில்லை. எனக்குச் சுத்தம் என்றால் ஒன்றுமில்லை. பத்துப் பேர் சொன்ன ஒரே சொல்லை நான் பத்துச் சாட்சி என்று எண்ணிக்கொண்டேன். இன்னொரு சாட்சியான ஈயக் குண்டின் வாயை நானே சோப்பு வைத்து அடைத்திருக்கிறேன். என் சுத்தத்துக்காக.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினேன். அண்ணாச்சியிடம் சொல்லப் பயம். தவிர, புல்லைப் பார்த்து இன்னதென்று சொல்லக்கூடியவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். தனிப்பயிற்சிக் கூடத்தின் மாடிப்படியில் மரிய செல்வி சுண்ணாம்புக் கட்டிக் கையோடு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன சார், சோப்பு தீந்துபோச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தில் நான் எழுதிய வரியையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. தன் பணியிடத்தையே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாளாம். அவள் முகம் மாறியது. கையில் இருந்த சுண்ணாம்புக் கட்டியை இரண்டாக ஒடித்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"சேத்தைக் கொட்டிட்டா அந்தப் புல்லு மூச்சு முட்டிச் செத்துரும்" என்றாள் கடைசியில். "அதுக்குள்ளதான் எறா குஞ்சு வளருது. அதுக்காக வாரேன். ஒங்களுக்காக இல்ல."

"சரிம்மா."

"ரெண்டு கண்டிஷன். வரைபடத்துல என் பேரு வரணும். முதல் குண்டுக்குக் கொழுப்பு நீங்க வைக்கணும். ஒங்க கையால."

"கையுறை..."

"கையுறை கிடையாது."

செவ்வாய்க்கிழமை காலை. வாடைக் காற்று மெல்ல வீசியது. கடல் தெளிந்திருந்தது. மரிய செல்வி இறைச்சிக் கடையிலிருந்து பனையோலைக் கொட்டானில் கொழுப்பு வாங்கி வந்திருந்தாள். மஞ்சள் கட்டத்தின் நடுப்புள்ளியில் படகை நிறுத்தி, கோபுரத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் கோணம் எடுத்துச் சரிபார்த்தோம். கொட்டானை என் முன்னால் நகர்த்தி வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி எடுத்தேன். குளிர்ந்து, பிசுபிசுத்து, விரலிடுக்கில் ஏறியது. குண்டின் குழியில் வைத்து அழுத்தினேன்.

"பைய சார், பைய" என்றார் ஜெபஸ்தியான். "வீட்டுல தெரிஞ்சா ஒங்கள உள்ள சேத்துக்கிடுவாங்களா?"

"நீரு படகப் பாரும் வே."

குண்டு இறங்கியது. மூன்று பாகம். மேலே வந்தபோது மணல். மணலோடு, கொழுப்பில் அழுந்தி, நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைத் துணுக்கு. எனக்குக் கூத்தாடலாம் போலிருந்தது. மரிய செல்வி தலையை ஆட்டினாள்.

"இது போதாது சார். 'எங்கிருந்தோ மெதந்து வந்தது'ன்னு கூட்டத்துல ஒருத்தர் சொல்லுவாரு. நீங்களே சொன்னீங்கல்லா?" என்றபடி மூழ்குவதற்கான கண்ணாடியை எடுத்தாள்.

நான் கையை நீட்டினேன். "நான் முங்குதேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலுக்குப் புதியவனே தவிர தண்ணீருக்குப் புதியவனில்லை. குறுக்குத்துறையில் ஆற்றில் விழுந்து வளர்ந்தவன். அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆழத்தில் முங்கியவன் அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. ஒரு பிடி மணலோடு மேலே வர வேண்டும். கையைத் திறந்து காட்டினால்தான் கணக்கு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குண்டுக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினேன். காது அடைத்தது. ஒரு கணம் பச்சை இருட்டு. பிறகு கண் பழகியது.

கீழே வயல் இருந்தது.

சீவலப்பேரியில் ஞாயிற்றுக்கிழமை பார்த்தேனே, அதே வயல். கண்ணுக்கு எட்டும் வரை பச்சை. மேலே போகும் அலைக்கு ஏற்ப எல்லாம் சேர்ந்து ஒருபக்கம் சாய்ந்து, சேர்ந்து நிமிர்ந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே காலை ஊன்றினேன். புல் கணுக்காலைச் சுற்றியது. கண்ணாடிபோல ஒரு கூட்டம் இறால் குஞ்சுகள் என் கால் அருகே சிதறி ஓடின. நான் வெளிர் மஞ்சள் தீட்டிய இடத்தில், 'வெறும் மணல்' என்று என் கையால் எழுதிய சொற்களின் மேல், நான் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு காலை உதைத்தேன்.

மேலே வந்து கையைத் திறந்து, பதின்வயதுப் பையனைப் போலக் கத்தினேன். ஜெபஸ்தியானும் காரணம் தெரியாமலே சேர்ந்து கத்தினார். மரிய செல்வி கத்தவில்லை. என் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலகையில் வைத்தாள். நாடா போன்றது ஒன்று, ஊசி போன்றது ஒன்று, முட்டை வடிவ இலை ஒன்று. "ஒரு பிடியிலேயே மூணு வகை" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

புல் இருப்பது தெரிந்துவிட்டது. எதுவரை இருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்துக்கு மட்டும் படகிலேயே புதுத் திட்டம் போட்டேன். புள்ளிகளை நெருக்கமாக வைத்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் தொட்டது, கண்டது, கேட்டது என்று மூன்றையும் தனித்தனியே குறித்தோம். எல்லையைக் கண்டுபிடிக்க, ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிப் படகின் பின்னால் இழுத்தோம். மரிய செல்வி கண்ணாடியோடு அதைப் பிடித்துக்கொண்டு நீரில் முகம் கவிழ்ந்து வந்தாள். புல் வந்தால் இடக்கை உயரும், மணல் வந்தால் வலக்கை. கை மாறும் ஒவ்வொரு முறையும் நான் கோணம் எடுத்தேன். இடக்கை உயர்ந்தால் ஜெபஸ்தியான், "இருக்குவே! இருக்குவே!" என்று கூவுவார். பெரும்பாலும் கூவிக்கொண்டேதான் இருந்தார்.

வியாழக்கிழமை மாலை அண்ணாச்சியின் மேசையில் புது வரைபடத்தை விரித்தேன். மஞ்சள் கட்டத்தில் முக்கால்வாசி பச்சை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சோப்பு உட்பட, ஒப்பந்தத்தில் எழுதிய வரி உட்பட. அவர் வரைபடத்தின்மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பச்சையின் நடுவில் சுட்டுவிரலை ஊன்றினார்.

"இங்கன நின்னீரா வே?"

"நின்னேன் அண்ணாச்சி."

அலுவலகத்தில் அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் முறை. அவர் டப்பாவைத் திறந்தார். எனக்குரியது என்று நான் கையை நீட்டினேன். அவர் கற்கண்டை எடுத்துத் தம் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"இது எனக்கு. அந்த மஞ்சளுக்குக் கீழ என் கையெழுத்துல்லா இருக்கு."

மறுநாள் கூட்டத்தில் துறைமுக வேலையின் பொறியாளர் எரிச்சலோடு கேட்டார். "போன மாசம் வரைக்கும் மணல்னீங்க. அதுக்குள்ள எப்படி சார் புல்லு முளைச்சுது?"

"முளைக்கல" என்றார் அண்ணாச்சி. "எங்க ஆளு இப்பத்தான் குனிஞ்சு பாத்தாரு."

எங்களோடு வந்திருந்த மரிய செல்வி ஒரு வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். உள்ளே கடல்நீரில் வேரோடு புல். அதற்குள் இறால் குஞ்சுகள் துள்ளின. ஒரு துளி பொறியாளரின் காகிதத்தில் தெறித்தது. அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தம் பேனாவாலேயே அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்தார். சேறு பூங்காவுக்கு வெளியே, ஆழத்தில், நாங்கள் கொழுப்புக் குண்டு இறக்கிப் புள்ளி புள்ளியாகச் சரிபார்த்துக் கொடுத்த வேறு இடத்துக்குப் போனது. ஓய்வுபெறும் முன் கடைசியாக ஒருமுறை கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தில் இறங்கினேன். புல் நின்றது. என் வாழ்நாளில் நான் செய்த வேலையில் இதற்கு இணையாக எதையும் சொல்லமாட்டேன்.

வரைபடத்தில் மரிய செல்வியின் பெயர் முதலில் வந்தது. "என் பேருக்குக் கீழ ஒங்க பேரு சார். பரவாயில்லையா?" என்று கேட்டாள். ஆனால் பணியிடத்தை அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை. வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அண்ணாச்சி முயன்று பார்த்தார், நடக்கவில்லை. அவள் பிறகு கல்லூரிப் பேராசிரியை ஆனாள், நல்ல பெயர் எடுத்தாள். அதெல்லாம் அவள் சம்பாதித்தது. நான் பறித்ததை அது ஈடுசெய்யாது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. என் பிரிவுபசாரக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். "வயலைப் பார்த்ததும் எனக்கு ஒரு பொறி தட்டியது" என்றேன். சோப்பைச் சொல்லவில்லை. அவளுடைய எச்சரிக்கையைச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் மரிய செல்வி உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கை தட்டினாள். அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் கேட்கிறது.

முத்துக்குமாரிடம் தொலைபேசியில் இவ்வளவையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "சார், நான் மரியா மேடத்தோட மாணவன்தான். ஒங்ககிட்ட கேளுன்னு அவங்கதான் சொன்னாங்க. கேட்டா என்ன சொல்லுதாருன்னு எனக்கும் வந்து சொல்லுன்னாங்க" என்றார்.

ஒலிக்கருவி என்னைவிடத் துல்லியமாக அளக்கும். ஆழத்தையும் மேட்டையும் பற்றி அதனோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் திரையில் ஒரு வண்ணத்தைப் பார்த்து அதற்குப் பெயர் வைக்கப் போவது ஒரு மனிதர்தான். அவருக்கும் தொடப் பிடிக்காத ஏதோ ஒன்று இருக்கும். அவருக்கும் ஒரு 'சுத்தம்' இருக்கும். அதனால் விதியை எடுக்காதீர்கள் என்று சொன்னேன்.

"சரி சார். அடுத்த மாசம் வடக்க ஒரு புதுக் கட்டம் ஆரம்பிக்கோம். திட்டம் நான்தான் போட்டிருக்கேன். நானே இறங்குதேன்."

"நல்லது. படகுல எனக்கும் ஒரு இடம் வையும்" என்றேன். "முங்க உடம்பு விடாது. மேடத்தையும் கூப்பிடும். முதல் குண்டுக்குக் கொழுப்பு நான் வைக்கேன்."